தென்கடற் சிறுகப்பல் வாழ்க்கை

மக்கள் கடல்மேற் செல்வதற்குரிய காரணங்கள் பல. பொருள் தேடிச் சென்றோர் உளர். பகை வெல்லச் சென்றோர் உளர். மீன் பிடிக்கவும், புதுநிலம் காணவும், சமயத்தொண்டு புரியவும் சென்றோர் உளர். இவற்றுள் ஒன்றனையும் கருதாது, மனிதர் குடியில்லாத தீவுகளை அடைந்து, ஆங்கு வாழும் பறவைகளையும் விலங்குகளையும் கண்ணாரக் கண்டு, ஒரு கூழாங்கல்லையும் எடாது திரும்பும் பொருட்டே கப்பலேறுவோர் இக்காலத்து உளர். அன்னோர் ஏறும் கப்பல்கள் சிறியன. அவற்றில் ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது, அந்நாளை ஒழுங்குபடுத்தும் விதிகள் யாவை, அவ்விதிகள் எக்காரணம் பற்றி எழுந்தன என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். உலகத்துத் தீவுகள் அனைத்தையும் ஒருங்கே பேசப் புகின் எதுவும் தெளிவுறாது. ஆதலின் தெற்கு அத்லாந்திக் சமுத்திரத்திலுள்ள தெற்கு ஜார்ஜியா என்னும் ஒரு தீவினையே எடுத்துக்கொள்வாம்.

தீவின் இயல்பும் வரலாறும்

தென் அமெரிக்காவின் முனைக்குக் கிழக்கே, ஏறக்குறைய 54 பாகை தென் அட்சரேகையில் இத்தீவு கிடக்கின்றது. இதன் நீளம் ஏறக்குறைய 165 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தும் 40 கிலோமீட்டருக்கு உட்பட்டது. முதுகெலும்பு போல நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சி 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்துள்ளது. நிலத்திற் பாதிக்கு மேற்பட்ட பகுதி என்றும் பனியால் மூடுண்டது. விமானம் இறங்குதற்கு இடமில்லை. அணித்தேயுள்ள பாக்லாந்துத் தீவுகளிலிருந்து புறப்படினும் கப்பலுக்கு இரண்டு நாட்களுக்குக் குறையாத பயணம். ஆராய்ச்சி நிலையங்களிற் பணிபுரியும் சிலரும், அரசாங்க அலுவலர் சிலருமே ஆங்குத் தங்குகின்றனர். நிலையான குடிகள் இல்லை.

காப்டன் குக் என்னும் ஆங்கில மாலுமி 1775 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இத்தீவிற் கரையிறங்கினார். கரைகளிற் கடல்நாய்கள் மலிந்து கிடக்கின்றன என்று அவர் எழுதிய செய்தி வேட்டைக்காரரை ஈர்த்தது. மென்மயிர்க் கடல்நாய்கள் தோலின் பொருட்டு இலட்சக்கணக்கிற் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வினமே அற்றுப்போகும் நிலை எய்தியது. பின்னர்த் திமிங்கிலங்களின் முறை வந்தது. 1904 ஆம் ஆண்டில் நார்வே தேசத்தவராகிய கார்ல் அந்தோன் லார்சன் கிரிட்விக்கன் என்னுமிடத்தில் திமிங்கில எண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அது முதல் 1965 வரை அத்தீவின் தொழிற்சாலைகளில் அறுக்கப்பட்ட திமிங்கிலங்கள் 1,75,000க்கு மேற்பட்டன. தொழில் நின்றதற்குக் காரணம் இரக்கமன்று. கொல்லுதற்குத் திமிங்கிலம் கிடையாமையே. இன்று அத்தொழிற்சாலைகள் துருவேறிய இரும்புக் குவியல்களாய் நிற்கின்றன. அவற்றிடையே 1913 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட வெண்ணிற மரக்கோயில் ஒன்று மட்டும் பழுது பார்க்கப்பட்டு அழகுற விளங்குகின்றது.

இங்ஙனம் கொள்ளையிடச் சென்ற கப்பல்களின் வழியிலேயே இப்பொழுது காணச் செல்லும் கப்பல்கள் செல்கின்றன. இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் விதிகளின் பொருள் விளங்காது.

கப்பல் சிறிதாயிருத்தற்குக் காரணம்

இத்தகைய பயணங்களின் முன்னோடிகளுள் ஒருவர், ஸ்வீடனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பார். அவர் 1966 ஆம் ஆண்டிற் பொதுமக்கள் சிலரைத் தென்துருவக் கண்டத்துக்கு அழைத்துச் சென்றார். 1969 ஆம் ஆண்டில் இதற்கெனவே கட்டப்பட்ட கப்பலொன்றைக் கடலிற் செலுத்தினார். பனிக்கட்டியைத் தாங்குமாறு வலுப்படுத்தப்பட்ட அக்கப்பலும் பிற்காலத்திற் கைமாறி, 2007 நவம்பர் 23 ஆம் நாள் பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர் தப்பினர். அக்கடல் எத்துணைக் கடுமை வாய்ந்தது என்பதற்கு இதுவே போதிய சான்றாம்.

1991 ஆம் ஆண்டிற் பயணக் கம்பெனிகள் சில கூடி ஒரு சங்கம் அமைத்துத் தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டன. ஓரிடத்தில் ஒரே சமயத்திற் கரையில் நிற்போர் நூறு பேருக்கு மேற்படலாகாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் கரையில் இறக்கலாகாது. இருபது பேருக்கு ஒரு வழிகாட்டியேனும் உடனிருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. நூறு பேர் கரையிலிருக்க, எஞ்சியோர் தம்முறை வருங்காறும் காத்திருத்தல் வேண்டும். எனவே கப்பல் பெரிதாயின் காத்திருத்தலே மிகும். நூறு பேரோ, அதனினும் சற்று மிக்கோரோ செல்லும் சிறு கப்பல் இதற்குப் பொருத்தமாவது இக்காரணம் பற்றியே.

கடல்மேற் கழியும் நாட்கள்

கப்பல் துறைமுகம் நீங்கிய நாளிலேயே அனைவரும் அபாயப் பயிற்சிக்கு அழைக்கப்படுவர். ஏழு குற்றொலியும் ஒரு நெட்டொலியும் கேட்டவுடன் மிதவைச் சட்டையணிந்து குறித்த இடத்திற் கூடுதல் வேண்டும். செல்வரென்றும் முதியரென்றும் அதனின்று விலக்குப் பெறுவார் இலர்.

அடுத்த இரண்டு நாட்களும் கடலே கதி. அவ்வட்சரேகையிற் காற்றைத் தடுக்கும் நிலம் மிக அரிதாதலால் அலைகள் மிகப் பெரியன. தலைச்சுற்றலும் வாந்தியும் பலரைப் படுக்கையிற் கிடத்தும். நடப்போர் ஒரு கையாற் கைப்பிடிக் கம்பியைப் பற்றியே நடத்தல் வேண்டும். உணவறை மேசைகளில் வழுக்காத விரிப்பு விரிப்பர். நாற்காலிகளைத் தரையோடு பிணைப்பர். இவ்வாட்டத்திடையேயும் வேளை தவறாது ரொட்டி சுட்டும், சூப்புக் காய்ச்சியும், இயந்திரங்களுக்கு எண்ணெயிட்டும் உழைப்போர் கப்பலின் கீழ்த்தட்டில் உளர். பயணிகள் கண்ட காட்சியெல்லாம் அவர்தம் உழைப்பின்மேல் நிற்பது. அவருட் பலர் அத்தீவின் கரையைத் தொலைவிலிருந்து மட்டுமே காண்பர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

உடல் தேறியோர் மேல்தட்டிற்கு வந்து பின்புறம் நோக்குவர். அங்கே அல்பட்ராஸ் என்னும் பெரும்பறவைகள் மணிக்கணக்காகக் கப்பலைத் தொடர்ந்து வரும். அவற்றுட் பெரியது விரித்த சிறகின் அளவு மூன்று மீட்டருக்கு மேற்படும். அது சிறகடித்துப் பறப்பது அருமை. கடற்பரப்பை ஒட்டிய காற்று மெல்லியதாகவும், மேலே செல்லச் செல்ல வலியதாகவும் இருக்கின்றது. பறவை காற்றை எதிர்த்து மேலெழுந்து விரைவு பெற்று, பின் காற்றோடு சாய்ந்து கீழிறங்கி, மீண்டும் திரும்பி எழுகின்றது. இவ்வாறு இரு காற்றுக்களின் வேற்றுமையையே தனக்கு உணவுபோலக் கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்கின்றது.

கப்பலில் உடன்வரும் இயற்கை நூலறிஞர் நாள்தோறும் விரிவுரை ஆற்றுவர். ஒருநாள் பறவைகளைப் பற்றியும், மற்றொருநாள் பனியாறுகளைப் பற்றியும், பின்னொருநாள் ஷாக்கில்டனைப் பற்றியும் பேசுவர். ஷாக்கில்டன் என்பார் தம் கப்பல் பனியில் நொறுங்கியபின், 1916 ஆம் ஆண்டில் ஐந்து தோழருடன் ஒரு திறந்த படகில் இதே கடலைக் கடந்து இத்தீவை அடைந்து, மலைகளைக் கால்நடையாய்த் தாண்டி உதவி பெற்று, பிரிந்திருந்தோர் அனைவரையும் மீட்ட வீரர். 1922 ஆம் ஆண்டில் இத்தீவின் துறையிலேயே உயிர் நீத்தார். அவர் கல்லறை கிரிட்விக்கனில் உள்ளது. அவர் கதையைக் காப்பிக் கோப்பையும் கையுமாய்ச் சூடான அறையிலிருந்து கேட்போர், அறைக்கு வெளியே அலை மோதும் ஓசையையும் உடன் கேட்கின்றனர்.

தீவினை அணுகுமுன் கடல்நீரின் வெப்பம் திடீரெனச் சில பாகை குறைகின்றது, மூடுபனி சூழ்கின்றது. தென்துருவத்துக் குளிர்நீரும் வடபாற் சுடுநீரும் சந்திக்கும் எல்லை அது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள குளிர்நீரில் இறாலை ஒத்த கிரில் என்னும் சிற்றுயிர் திரள்திரளாக வாழ்கின்றது. திமிங்கிலமும் பெங்குவினும் கடல்நாயும் அதனையே பெரிதும் நம்பி வாழ்வன.

விதை தேடும் சடங்கு

கரையிறங்குதற்கு முந்திய நாளில் நிகழும் ஒரு காரியம் புதியோர்க்கு வியப்பளிக்கும். பயணிகள் அனைவரும் தம் மேற்சட்டை, காற்சட்டை, பை, பாதரட்சை யாவற்றையும் கொணர்ந்து ஓர் அறையிற் கூடுவர். தூசி உறிஞ்சும் இயந்திரத்தாற் பைகளின் மூலைகளைத் துடைப்பர். காலணியின் அடிப்பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக் கம்பியாற் கிளறி எடுப்பர். ஆடைகளிலுள்ள ஒட்டுப்பட்டைகளைச் சிறு இடுக்கி கொண்டு நுணுகி ஆராய்ந்து, புல்விதை ஒன்று சிக்கியிருப்பினும் பறித்தெடுப்பர். பின்னர்ப் பாதரட்சைகளைக் கிருமிநாசினி நீரில் தோய்ப்பர். கப்பல் கிரிட்விக்கன் துறையை அடைந்தவுடன் தீவின் அலுவலர் கப்பலேறி இவற்றைச் சோதிப்பர். தூய்மை போதாதெனின் மீண்டும் துடைக்க வேண்டியதே.

ஒரு புல்விதைக்கு இத்துணை ஆரவாரமோ என வினவுவார் இருக்கலாம். அவ்வினாவுக்கு விடை பின்னர்க் கூறப்படும்.

கரையிறங்கும் நாள்

கோடைத் திங்கள்களில் அங்குக் கதிரவன் மிக விரைந்து எழுவான். பயணத் தலைவரின் குரல் ஒலிபெருக்கி வாயிலாகப் பயணிகளை எழுப்பி, காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் அன்றைய ஏற்பாட்டையும் அறிவிக்கும். அறிவித்தவை அறிவித்தவாறே நடக்குமென்பது திண்ணமன்று. பனிமலைகளிலிருந்து எச்சரிக்கையின்றிப் பாய்ந்திறங்கும் காற்று அத்தீவில் மிகக் கொடியது. ஆதலின் முதல் ஏற்பாடு தவறின் இரண்டாவது, அதுவும் தவறின் மூன்றாவது என மாற்று வழிகள் முன்னரே வகுத்திருப்பர். பெரும்பொருள் செலவிட்டு வந்தவரும், காற்று இசையாவிடின் கரையைக் கண்ணால் நோக்கித் திரும்புவதன்றி வேறு வழியில்லை.

காற்று இசைந்ததாயின் ஒவ்வொரு குழுவாக அழைப்பர். பயணி தம் எண்ணிட்ட வில்லையைப் பலகையில் திருப்பிவைத்துப் புறப்படுவார். மீண்டவுடன் மறுபடியும் திருப்புவார். எவரும் கரையில் விடுபட்டுப் போகாமைக்கு இது காவல். காற்றடைத்த ரப்பர்ப் படகு பக்கப்படியருகே அலையில் எழுந்தும் தாழ்ந்தும் நிற்கும். அதில் ஏறுவோரும் படகோட்டியும் உள்ளங்கையைப் பற்றாது ஒருவர் முன்கையை ஒருவர் பற்றுவர். ஈரக்கை வழுக்கினும் முன்கைப்பிடி நழுவாது. ஏறக்குறையப் பத்துப்பேர் ஒரு படகிற் செல்வர். கரையோரத்தில் முழங்காலளவு நீரில் இறங்கி நடத்தல் வேண்டும்.

கரையிற் காலூன்றியபின் விதிகள் இவை: எவ்வுயிர்க்கும் ஐந்து மீட்டருக்கு உட்பட அணுகலாகாது, உயிர்கள் தாமே அணுகின் பின்வாங்கல் வேண்டும், அவற்றின் வழியை மறித்தலாகாது, உணவு கொண்டு செல்லலாகாது, மலசலம் கழித்தலாகாது, இறகோ எலும்போ கல்லோ எடுத்தலாகாது. இவ்விதிகளால் நேரும் நிகழ்ச்சிகள் நகைப்பிற்கும் சிந்தனைக்கும் இடமாவன. பெங்குவின்களுக்கு இவ்விதி தெரியாது. அவை வரிசையாய் நடந்து வந்து, சிவப்புச் சட்டையணிந்த மனிதனை அண்ணாந்து நோக்கி, அவன் பாதரட்சையைக் கொத்திப் பார்த்துச் செல்வதுமுண்டு. கல்வியும் செல்வமும் நிரம்பிய மாந்தர், ஒரு பறவை வழிவிடும் வரை கைகட்டி நிற்கின்றனர்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் அரசப் பெங்குவின்கள் ஏறக்குறைய 1,50,000 இணை வாழ்கின்றன என மதிப்பிடுவர். அவற்றின் ஓசையும் நாற்றமும் படகு கரையை அணையுமுன்னரே வந்து எதிர்கொள்ளும். இப்பறவை கூடு கட்டுவதில்லை. ஒரே முட்டையைத் தன் பாதங்களின்மேல் வைத்து வயிற்றுத்தோலால் மூடி அடைகாக்கும். ஆணும் பெண்ணும் முறைவைத்து அதனைச் சுமக்கும். குஞ்சு வளர்ந்து கடலேக ஓராண்டுக்கு மேற்படுமாதலின், எப்பருவத்திற் சென்றாலும் பழுப்புநிற மயிர்போர்வை போர்த்த குஞ்சுகளைக் காணலாம். கடற்கரையில் யானைக் கடல்நாய்கள் பாறைபோற் கிடக்கும். அவற்றுள் ஆண் மூன்று நான்கு டன் எடையுடையது. முற்காலத்தில் அற்றுப்போகவிருந்த மென்மயிர்க் கடல்நாய்களும் இன்று பல கரைகளில் இறங்க இடமின்றி நிறைந்துள்ளன.

இரவில் விளக்கவித்தல்

கப்பலுக்கு மீண்டவுடன் பாதரட்சைகளை மறுபடியும் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினியில் தோய்த்தல் வேண்டும். ஒரு கரையின் மண் மறு கரைக்குச் செல்லுதலும் ஆகாது. மாலையில் அனைவரும் கூடி, அன்று கண்டவற்றை அறிஞர் வாயிலாக மீண்டும் கேட்டுத் தெளிவர். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வாலடியிலுள்ள கோலம் ஒன்றற்கொன்று வேறுபட்டது. ஆதலின் பயணிகள் எடுத்த வாற்படங்களைத் திரட்டி, எத்திமிங்கிலம் எங்குச் சென்றது என ஆராய்வார்க்கு அனுப்புகின்றனர். வேடிக்கை பார்க்க வந்தோர் இவ்வகையால் அறிவுத்துறைக்குச் சிறு தொண்டராகின்றனர்.

இருட்டியபின் சாளரத் திரைகள் யாவும் இழுத்து மூடப்படும். மேல்தட்டு விளக்குகள், பாதுகாப்புக்கு இன்றியமையாதன தவிர, அவிக்கப்படும். தீவின் வளைகளில் வாழும் சிறு கடற்பறவைகள் இரவிற் பறப்பன. மூடுபனியில் விளக்கொளி கண்டு மயங்கிக் கப்பலில் மோதி விழும். விடியுமுன் மாலுமிகள் தட்டெங்கும் தேடி, விழுந்த பறவைகளை எடுத்துப் பெட்டியில் வைத்து, உடலுலர்ந்தபின் விடுவிப்பர். ஒரு சாளரத் திரையை மூட மறத்தலால் ஓர் உயிர் மாளலாம் என்பதை அங்குள்ளோர் நாள்தோறும் நினைவிற் கொள்கின்றனர்.

எலி கற்பித்த பாடம்

இனி முன்னர் எழுந்த வினாவுக்கு விடை காண்பாம். வேட்டைக் கப்பல்களில் ஒளிந்து வந்த எலிகள் தீவிற் கரையேறின. நிலத்தில் முட்டையிடும் பறவைகள் அதற்குமுன் எலியை அறியா; தற்காப்பும் அறியா. உலகில் வேறெங்கும் இல்லாத பிப்பிட் என்னும் சிறு பாடும் பறவை பெருநிலத்தின் பெரும்பகுதியினின்றும் ஒழிந்து, எலி சேராத குறுந்தீவுகளில் ஒதுங்கியது. எலிகள் இன்னும் பரவாமைக்குக் கடல்வரை நீண்ட பனியாறுகளே வேலியாய் நின்றன. உலகம் வெப்பமடைய அப்பனியாறுகள் பின்வாங்கின. வேலி அழியுமுன் எலியை ஒழித்தல் இன்றியமையாததாயிற்று.

தெற்கு ஜார்ஜியா மரபுரிமை அறக்கட்டளையார் 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஹெலிகாப்டர் கொண்டு தீவின் எலிவாழ் பகுதிகளிலெல்லாம் நச்சுத்தீனி தூவினர். அதனாற் சில பறவைகளும் மாண்டன; அவ்விழப்பை அறிந்தே அப்பணியைச் செய்தனர். பின்னர் மோப்ப நாய்களைக் கொண்டு தீவெங்கும் தேடி, 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில் எலி அறவே இல்லையென அறிவித்தனர். அப்பணிக்கு ஆன செலவு ஏறக்குறைய ஒரு கோடிப் பவுன். பிப்பிட்டின் பாட்டு மறுபடியும் அக்கரைகளிற் கேட்கின்றது.

சினைகொண்ட ஒரு பெண்ணெலி ஒரு பையில் ஒளிந்து கரைசேருமாயின் அவ்வளவும் வீணாம். எலிக்குப் பொருந்துவது விதைக்கும் பொருந்தும். கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிக்கும் பொருந்தும். 2023 ஆம் ஆண்டு அக்டோபரில் பறவைக் காய்ச்சல் இத்தீவினை எட்டியமை உறுதிப்பட்டது. ஸ்குவா என்னும் பறவைகளிடையே முதலில் தோன்றிப் பின் கடல்நாய்களையும் பற்றியது. அதனைக் கொணர்ந்தவர் பயணிகளல்லர், வலசை செல்லும் பறவைகளே என்பது அறிஞர் கருத்து. ஆயினும் மனிதன் அதனை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சுமந்து செல்லுதல் கூடாதென்று சில இறங்குதுறைகளை மூடினர். பயணிகள் தரையில் உட்காரவும், மண்டியிடவும், பையை வைக்கவும் தடை விதித்தனர்.

செல்லாதிருத்தல் நன்றன்றோ?

இத்துணை அபாயம் உண்டெனின் எவரும் செல்லாதிருத்தலே நன்றன்றோ எனின், அவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. கப்பல் எரிக்கும் எண்ணெயின் புகையும் பனியாறுகளை உருக்கும் காரணங்களுள் ஒன்றே. செல்லுதற்கு வேண்டும் பொருளோ பல இலட்சம் ரூபாய். அது மிகச் சிலர்க்கே இயல்வது. காண்பவர் யாவரும் காப்பவராவர் என்று கூறுதலும் மிகையாம்.

எனினும் மறுபுறமும் ஒன்றுண்டு. ஒருவரும் காணாதிருந்த காலத்தில் அத்தீவு காக்கப்பட்டதா? இல்லை. திமிங்கிலங்கள் ஆயிரமாயிரமாக அறுபட்டதும், எலிகள் பரவியதும், சாட்சியாய் நிற்பார் இல்லாத காலத்திலேயே. எலியொழிப்புக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதி, தீவைக் கண்டு திரும்பிய பயணிகளின் நன்கொடையால் வந்தது. பயணிகள் செலுத்தும் கட்டணம் தீவின் நிர்வாகத்திற்கு உதவுகின்றது. எனவே நாம் ஆராயவேண்டுவது செல்லலாமா என்பதை மட்டுமன்று. எத்தனை பேர், எவ்வாறு, எவ்வொழுக்கத்தோடு செல்லுதல் வேண்டும் என்பதையுமாம். இன்றைய விதிகள் அவ்வினாவுக்கு முடிந்த முடிபல்ல. தீவின் நலம் வேண்டுமாயின் நாளை இன்னும் கடுமையாதல் தகும்.

திருவள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தேற்பாரின் கடமை அது. விருந்தாய்ச் செல்வார்க்கும் கடமை உண்டு. வருக என்று அழைக்கும் நாவில்லாத உயிர்களின் இல்லத்திற்குச் செல்வார்க்கோ அது பன்மடங்கு பெரிது. அக்கடமை பெருஞ்செயல்களால் அன்று, பாதரட்சையைத் தேய்த்தல், விதையைப் பறித்தல், ஐந்து மீட்டர் விலகி நிற்றல், இரவில் திரையை இழுத்து மூடுதல் என்னும் சிறு செயல்களாலேயே அக்கப்பல்களில் நிறைவேற்றப்படுகின்றது.

நம்மிற் பெரும்பாலார் அக்கடலைக் காணப்போவதில்லை. ஆயினும் நம் ஊர் ஏரியில் வலசைப் பறவை வந்திறங்குங்கால், குன்றின் சோலையுட் புகுங்கால், ஆமை முட்டையிடும் கடற்கரையில் இரவில் உலவுங்கால் நாமும் விருந்தினரே. 2020 ஆம் ஆண்டில் தெற்கு ஜார்ஜியாக் கடலில் ஆராய்ச்சி செய்தோர் நீலத் திமிங்கிலங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைக் கண்டனர். அற்றுப்போயினவோ என ஐயுறப்பட்டவை திரும்பி வருகின்றன. மனிதன் கையை ஒடுக்கி நிற்பானாயின் இயற்கை தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் வலியுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதின்று.